வாசிப்பு ஜோடி

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

இங்கு நலம். உன் அக்காவும் பிறந்த குழந்தையும் நலமென்று சகலை போனில் சொன்னார். மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் நீ குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

பத்து நாளில் வந்துவிடுவாய் என்று நினைத்தேன். இன்று இருபத்து மூன்றாம் நாள். காலை வேளையில் உன் இரண்டாம் வகுப்பைத் தலைமையாசிரியை என் தலையில் கட்டிவிட்டார். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவனுக்கு அங்கே ஒன்றும் பிடிபடவில்லை. முதல் நாள் நான் வாயைத் திறப்பதற்குள் எல்லோரும் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு இருவர் இருவராக மூலைக்கு மூலை போய், ஒரே புத்தகத்தை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு படித்தார்கள். யார் சொல்லிச் செய்கிறார்கள் என்றே தெரியவில்லை. நிற்பதா, உட்கார்வதா என்று புரியாமல் நின்றேன்.

மறுநாள் பாயைச் சுருட்டினேன். வரிசையாக உட்கார வைத்து, கரும்பலகையில் பத்து வரி எழுதி, எல்லோரையும் பார்த்து எழுதச் சொன்னேன். வகுப்பு கப்சிப். பொய் சொல்வானேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த இரண்டு நாளும் சிட்டு வரவில்லை. பேச்சு திக்குமே, அவள்தான். மாலையில் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, “உடம்புக்கு ஒண்ணுமில்ல சார். அவ ஜோடியைப் பிரிச்சிட்டீங்களாம். அந்த மொட்டைப் பையன்கூட உக்காந்து படிச்சாத்தான் அவளுக்குத் திக்காது” என்றார். சிட்டு கதவுக்குப் பின்னால் நின்றாள்.

நான் யாரையும் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. இடத்தைத்தானே மாற்றினேன்? வெகுநேரம் கழித்து, “தப்புதான்மா, எனக்குத் தெரியல” என்றேன். அதைச் சொல்ல ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

மறுநாள் வந்துவிட்டாள். பாயை விரித்தோம். நான் பத்து நிமிடம்தான் பேசலாமாம்; மீறினால் மொட்டை கையைத் தூக்கிவிடுகிறான். அப்புறம் ஜோடி வாசிப்பு. அப்புறம் அவரவர் கதை எழுதுவது. மொட்டை தன் பல் விழுந்த கதையை எழுதுகிறான். பல் இன்னும் விழவில்லை. சிட்டுவின் நோட்டில் பிழை திருத்தப் போனேன். பேனாவை மெல்ல வாங்கி வைத்துக்கொண்டு, “டீச்சர் மு-முதல்ல என்ன எழுதறேன்னு கேப்பாங்க” என்றாள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ புறப்பட்ட வாரம், ஆசிரியர் அறையில் உன் வகுப்பைச் சந்தைக்கடை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரித்தாயா? எவ்வளவு யோசித்தும் உன் முகம் நினைவுக்கு வரவில்லை. நான் பார்க்கவே இல்லையோ என்னவோ. அதனால்தான் போனாயா, அக்காவுக்காகப் போனாயா? ஒரு நாள் அப்படித் தோன்றுகிறது, ஒரு நாள் இப்படி. பேருந்தில் ஏறும்போது, “பசங்களைப் பார்த்துக்குங்க” என்றாய். எப்போது வருவேன் என்று சொன்னாயா, நான்தான் கவனிக்கவில்லையா?

உன் முறையை நிறுத்திவிடலாம் என்று நேற்று தலைமையாசிரியை சொன்னார். “உங்க வீட்டுக்காரரே சொன்னாரே, சந்தைக்கடைன்னு” என்று உன்னிடம் சொல்லப் போகிறாராம். அதே அறையில், அதே ஆட்கள் முன்னால், அன்று தெரியாமல் பேசினேன், பாயை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. “அவங்க வரட்டும், பேசிக்கலாம்” என்றார் தலைமையாசிரியை. நீ வருவாய் என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று விளங்கவில்லை.

பிறந்த குழந்தை நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். உன் அக்கா எழுந்து நடமாடும்வரை கூடவே இரு, அவசரப்படுத்தவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று மட்டும் எழுது. எத்தனை பக்கமானாலும், எவ்வளவு கோபமாக இருந்தாலும், முழுவதும் படிக்கிறேன்.

இப்படிக்கு,
உன்
(இன்னும் அப்படிப் போடலாம்தானே?)
ஐந்தாம் வகுப்பு வாத்தியார்