படகு நிற்கிற இடம்

மில் ஹாலோ,
பென்சில்வேனியா.
செப்டம்பர் 2

அன்புள்ள தம்பி கர்டிஸுக்கு,

அக்கா ஆர்லீன் எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் இழுப்பறையில் தூக்கிப் போட்டுவிடாதே. போனில் கூப்பிட்டால் உன் குரலைப் பதிவு செய்த பெட்டிதான் பேசுகிறது. அதனிடம் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. ஆகவே காகிதம். உடம்பு நன்றாக இருக்கிறதா? அரிசோனா வெயில் இன்னும் தாங்கும்படிதான் இருக்கிறதா? வருஷத்தில் பத்து நாள்கூட மழை பெய்யாத ஊரைப் பார்த்துப் போய் உட்கார்ந்தாயே, அந்தப் புத்திசாலித்தனம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

உன் அத்தான் லாமாருக்கு ஜூனில் பக்கவாதம் வந்ததை அந்தப் பெட்டியிடம் சொல்லியிருந்தேன். கேட்டாயோ என்னவோ. உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது காலும் கையும் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சு ஒவ்வொரு சொல்லாக வருகிறது. மறுவாழ்வு மையத்தில் வைத்திருக்கிறோம். அங்கே அக்டோபர் முப்பதாம் தேதியோடு சரி. அதற்குமேல் வைத்திருக்க மாட்டார்கள். நம் வீட்டில் படுக்கையறை, குளியலறை எல்லாம் மாடியில்தான் என்பது உனக்குத் தெரியும். கீழே ஒரு அறை கட்டாவிட்டால் லாமார் நாற்பது மைல் தள்ளி ஒரு முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும். போய்ப் பார்த்தேன். நடைக்கூடத்தில் வரிசையாக நாற்காலிகளைப் போட்டு, அதில் ஆட்களை உட்கார வைத்து, தொலைக்காட்சியைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறார்கள். நான் உயிரோடு இருக்கும்வரை அவரை அங்கே அனுப்ப மாட்டேன்.

ஆக, ஒரு சின்ன அறை, ஒரு கழிப்பறை, சக்கர நாற்காலி ஏற ஒரு சரிவுப் பாதை. எல்லாம் சேர்த்து முந்நூறு சதுர அடிகூட வராது. ஒரு மணி நேர வேலை என்று நினைத்துக்கொண்டு டவுன்ஷிப் ஆபீஸுக்குப் போனேன். நான் பதினோரு வருஷம் திட்டக் குழுவில் உட்கார்ந்தவள், கதவைத் திறந்ததும் காபி கொடுப்பார்கள் என்று நினைப்பு. அங்கே இப்போது ட்ரெவர் என்று ஒரு இளைஞன் அதிகாரி. நல்ல பிள்ளைதான். அந்த நல்லதனம்தான் எரிச்சல்.

கணினியில் நம் நிலத்தின் எண்ணைத் தட்டினான். "மேடம், மழைநீர் விதிப்படி ஒரு நிலத்துல ஆயிரம் சதுர அடி வரைக்கும் தண்ணி மண்ணுல இறங்காதபடி கூரையோ தாரோ புதுசா போட்டா கேள்வி இல்ல. அதுக்கு மேல போனா அந்தத் தண்ணிக்கு நீங்கதான் வழி பண்ணணும். உங்க நிலத்துல ஏற்கெனவே ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஏறியிருக்கே" என்றான்.

"அது நான் போட்டது இல்லப்பா, என் தம்பி போட்டது. ரெண்டு தடவையா போட்டான். ஒவ்வொண்ணும் ஆயிரத்துக்குக் கீழதான்" என்றேன்.

"தனித்தனியா பாக்க முடியாது மேடம். விதி வந்த நாள்லேருந்து போட்டது எல்லாத்தையும் கூட்டித்தான் பாக்கணும். திருத்தம் இருக்கு" என்று புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான். விரலை வைத்துப் படித்தான். "முன்மொழிந்தவர், ஆர்லீன் மோயர்." பிறகு தலையை நிமிர்த்தி, "உங்க சொந்தக்காரங்களா மேடம்?" என்று கேட்டான்.

நீ சிரிப்பாய். சிரி. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கோழிக்கூண்டுக்கு அனுமதி கேட்டு வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் காது வரைக்கும் சுட்டது.

அந்தத் திருத்தம் ஏன் வந்தது என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். தொள்ளாயிரத்து அறுபது சதுர அடியில் நீ தகரக் கொட்டகை போட்டாய். மறு வருஷம் லாரிகள் வருவதற்குத் தொள்ளாயிரத்து நாற்பதில் தார்ப் பாதை போட்டாய். யார் கேட்டாலும் "ஆயிரத்துக்குக் கீழதான் சார்" என்று அளவு நாடாவை ஆட்டிக் காட்டுவாய். மில் ஹாலோவில் உன்னைப் பார்த்து எத்தனை பேர் அதே போலத் துண்டு துண்டாகப் போட ஆரம்பித்தார்கள் தெரியுமா? ஓடைக்கரை வீதியில் மூன்று கார் நிறுத்துமிடம், ஒரு நீச்சல் குளத் தளம், எல்லாம் தொள்ளாயிரத்துச் சொச்சம். அடுத்த ஏப்ரலில் ஓடை ரோட்டுக்கு ஏறியது.

அதைச் சொல்லித்தான் டவுன்ஷிப் கூட்டத்தில் பேசினேன். பேசியதோடு நிறுத்தியிருக்க வேண்டும். "வேற யாரையும் சொல்ல வேணாம், என் தம்பி கொட்டகையவே பாருங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நீ எழுந்து போனதை நான் பார்த்தேன். பார்த்தும் பேச்சை நிறுத்தவில்லை. மூன்றாம் மாதம் நீ அரிசோனாவில் இருந்தாய்.

விதி தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன், எத்தனை தடவை கேட்டாலும். உன் பேரைச் சொன்னது தப்பு. ஊர் முன்னால் உன்னை வைத்துச் சிரிக்க வைத்தது பெரிய தப்பு. ஏழு வருஷமாக இதைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்லிவிட்டேன், இதோடு விடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கட்டட மேஸ்திரி ஹார்ட்ஸெலிடம் புலம்பினேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "எதுக்கும்மா இந்தத் தலைவலி? அறை வீட்டுக்குப் பின்னாடிதானே வருது. ரோட்டுலேருந்து தெரியாது. நான் பாட்டுக்குக் கட்டிட்டுப் போறேன். யாரு எட்டிப் பாக்கப்போறா?" என்றார். மனசு ஆடிவிட்டது தம்பி. பொய் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். விதியை முன்மொழிந்தவளே திருட்டுத்தனமாகக் கட்டுவதா என்று ஒரு பக்கம், அந்த நடைக்கூடத்து நாற்காலிகள் ஒரு பக்கம்.

ஆகஸ்டில் ஒரு மழை பெய்தது. பகல் இரண்டு மணிக்கு ஆரம்பித்து நாலு மணிக்குள் கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் சரிவில் நமக்குக் கீழே இருக்கிற ஃபெர்ன் கேமனுக்குக் கோழிக்கறியும் நூடுல்ஸும் எடுத்துக்கொண்டு போனேன். கூப்பிட்டேன், பதில் இல்லை. நிலவறைப் படியில் உட்கார்ந்து குப்பை முறத்தால் தண்ணீரை அள்ளி வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். எழுபத்தாறு வயது. குளிர்பெட்டியை நாலு கல்லின்மேல் தூக்கி வைத்திருக்கிறாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டால், "இப்பதான் கொஞ்ச நாளா" என்கிறாள். எத்தனை நாள்? "ஒரு எட்டு ஒம்போது வருஷம் இருக்கும்."

"ஏண்டி, வாயத் திறந்து சொல்ல மாட்டியா?" என்று கத்தினேன்.

"யாருகிட்ட சொல்றது? உன்கிட்ட சொன்னா நீ கூட்டத்துல சொல்லுவ. கர்டிஸ் ஏற்கெனவே போயிட்டான். இன்னும் யாரு போகணும்?" என்றாள்.

வெளியே வந்து தண்ணீர் வந்த வழியிலேயே மேலே நடந்தேன். வேலி தாண்டி, நம் புல்வெளி தாண்டி, நேராக உன் கொட்டகையின் கூரைக் குழாய்க்கு வந்து நின்றேன். என் வீட்டு ஜன்னலிலிருந்து முப்பது அடி. ஒன்பது வருஷமாக நான் அந்த ஜன்னலில்தான் பாத்திரம் கழுவுகிறேன். ஊருக்கெல்லாம் ஓடையைக் காட்டிப் பேசினேன், இதைப் பார்க்கவில்லை. எனக்கே என்மேல் வந்த கோபத்தில் ஹார்ட்ஸெலைக் கூப்பிட்டு, திருட்டுக் கட்டடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் இப்போது முறைப்படி போகிறோம். கொட்டகை, பாதை, புது அறை எல்லாவற்றின் தண்ணீரும் இறங்க ஒரு உறிஞ்சுகுழி வெட்ட வேண்டும். கல் நிரப்பி, துணி போட்டு, மேலே மண் மூடிவிடுவார்கள். மண் தண்ணீரைக் குடிக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும் என்று ஒரு பொறியாளர் பெண் பெரிய பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, அளவுகோலைச் செருகிவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை பார்ப்பதுதான் சோதனை. நானும் ஃபெர்னும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஈரக் களிமண்ணை நாள் முழுக்கப் பார்த்தோம். வீட்டுப் பக்கத்தில் தோண்டினாள், அரை மணியில் நகக்கண் அளவுகூட இறங்கவில்லை. வேலியோரம் தோண்டினாள், அங்கேயும் அப்படித்தான். ஃபெர்ன், "உன்ன மாதிரியே பிடிவாதம் பிடிச்ச மண்ணு" என்றாள்.

மூன்றாவது குழியில் நாங்கள் பார்க்கப் பார்க்கத் தண்ணீர் இறங்கியது. "இங்கதான் மேடம், இந்த எடம் நல்லாக் குடிக்குது. குழி இங்க மட்டும்தான் வர முடியும்" என்று அந்தப் பெண் சிவப்புக் கொடி ஊன்றினாள். எங்கே தெரியுமா? உன் படகுக்கு ஓரடி தள்ளி. பெரிய குழியாக வெட்டும்போது படகு நிற்கிற இடமும் அதற்குள் வந்துவிடும்.

அந்தப் படகு நீ விட்டுப்போன இடத்திலேயே, இழுவண்டிமேல் நிற்கிறது. சக்கரத்தைச் சுற்றிக் கொடி ஏறிவிட்டது. உள்ளே அணில் குடும்பம் நடத்துகிறது. இழுவண்டியைக் காரில் மாட்டுகிற கொக்கியில் பூட்டு போட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டாயிரம் மைல் போய்விட்டாய். ஒரு ஓட்டைப் படகை யார் திருடப்போகிறார்கள் என்று நினைத்தாயோ, எனக்குத் தெரியவில்லை. ஹார்ட்ஸெல், "கட்டர் வெச்சு பூட்ட நறுக்குன்னு வெட்டிடலாம், அஞ்சு நிமிஷ வேலை" என்றார். சரி, வெட்டுங்கள் என்றுதான் சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது. குழியை என்றைக்கும் அடைக்காமல் பார்த்துக்கொள்வோம் என்று ஒரு உறுதிப் பத்திரம் எழுதி, நிலப் பத்திரத்தோடு பதிய வேண்டும். நிலம் நம் இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் இரண்டு பேரும் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். இதோடு வைத்திருக்கிறேன். பதினாறாம் தேதிக் கூட்டத்துக்குள் வந்து சேர வேண்டும். தவறினால் அடுத்தது அக்டோபர் கூட்டம்தான். பிறகு அறை கட்ட நாள் இருக்காது. ஹார்ட்ஸெலுக்கு ஐந்து வாரம் வேண்டுமாம், அவருடைய ஐந்து வாரம் எத்தனை வாரம் என்று உனக்கே தெரியும்.

அந்த நடைக்கூடத்தைப் பற்றி உன் அத்தானிடம் நான் சொல்லவில்லை. மற்றதெல்லாம் தினமும் போய்ச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை படகுப் பூட்டை வெட்டப்போவதைச் சொன்னேன். ஜூனிலிருந்து அவர் ஒரே மூச்சில் இரண்டு சொல்லுக்குமேல் பேசியதில்லை. தண்ணி, போதும், வலிக்குது, அவ்வளவுதான். இதைக் கேட்டதும் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்த்து, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளிக் கொண்டுவந்தார். "வெட்டாத. அவன் வரட்டும்."

மூன்று சொல். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஓடி வந்து கைதட்டினாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. நானும் மூன்று மாதமாகத் தினம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன், எனக்கு அந்த மூன்று சொல் கிடைக்கவில்லை. உன் ஓட்டைப் படகுக்குக் கிடைத்தது. ஹார்ட்ஸெலிடம் கட்டரை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன்.

கையெழுத்தை அங்கேயே ஒரு நோட்டரி முன்னால் போட்டு அனுப்பலாம் என்று ட்ரெவர் சொல்கிறான். சாவியையும் அதே உறையில் போட்டுவிடலாம். அப்படி வந்தாலும் என் வேலை முடிந்துவிடும், நன்றி சொல்லி வாங்கிக்கொள்வேன், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே, எங்கே இருந்தாலும் கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும்.

ஆனால் கர்டிஸ், லாமார் சாவி வரட்டும் என்று சொல்லவில்லை.

உன் அக்கா,
ஆர்லீன்