பச்சை நூல் கொக்கி

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

ஓவியக்கார மேடம் பழந்துணிகளை ஒட்டுத் தைத்துக் காவிரியைச் சுவரில் மாட்டும் பெரிய படமாகச் செய்கிறார். ஜனங்கள் ஆற்றில் விட்ட துணிகளைத் திருவையாற்றுப் படித்துறையில் பொறுக்கி, துவைத்து, தையல் வேலைக்கு வரும் எங்களிடம் தைக்கக் கொடுக்கிறார். இன்று என் குவியலில் என் மகள் செல்வியின் மஞ்சள் ஜாக்கெட் இருந்தது. போன மாதம் அவள் காரியத்தன்று ஆற்றில் விட்டது. மேல் கொக்கியைப் பச்சை நூலில் தைத்தவள் நான்தான்.

“ஏன்க்கா, பேயப் பாத்த மாதிரி நிக்கிற?” என்று பக்கத்தில் தைத்த விஜயா சிரித்தாள்.

“என் பொண்ணோடது” என்றேன்.

மேடம் செல்போனோடு ஓடி வந்தார். “அய்யோ, எவ்வளவு அழகு! கையில வச்சுக்கிட்டு இன்னொரு தடவை சொல்லுங்கம்மா. அழுகை வந்தா அடக்காதீங்க. இதையே படத்துக்கு நடுவுல வச்சிடலாம்.”

என் செல்வியைச் சுவரில் மாட்டிவிடுவார், ஊரே பார்க்கும்.

“தப்பாச் சொல்லிட்டேன் மேடம். இது யாருதோ” என்றேன்.

மேடம் முகம் வாடிவிட்டது. “அப்ப வெறும் பழந்துணிதானா? படத்துல ஆத்தங்கரைக்கு ஆகும், வெட்டிப் போடுங்க.”

நானே வெட்டினேன். முதுகு, இரண்டு கை, எல்லாம். “இன்னும் சின்னதா” என்றார். இன்னும் சின்னதாக வெட்டினேன்.

கொக்கி இருந்த துண்டை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். இதை ஆற்றில் விட மாட்டேன். விட்டால் இதையும் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவார்.