கடித்து வாசி என்று சொன்னது நான்தான்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் அப்பா, அண்ணன், நான் மூன்று பேரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்க வேண்டிய இடம் இது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே நீ சொல்லிவிட்டாய், மூன்று வாரமாகத் தாடை வலியே இல்லை, கச்சேரியில் கடைசிவரை வாசித்தேன், குழுவில் என் இடத்துக்கு வேறு ஆள் தேடுவதை விட்டுவிட்டார்கள் என்று. போனை வைத்துவிட்டு அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று எண்ணவில்லை, நான் எண்ணாமல் விட்டேன் என்றால் மீதியை நீயே புரிந்துகொள்.

வலிக்கிறது என்று நீ சொன்ன நாளையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வந்தேன், உனக்குத் தெரியாது. ஏழு மாதம். வலி நிற்காவிட்டால் இந்த வருஷம் குழலையே தொடாதே என்று டாக்டர் சொன்ன பக்கத்தில் என் எழுத்தே கோணிக்கொண்டு கிடக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் உன் புது டீச்சர் சொன்னதையும் எழுதி வைத்திருக்கிறேன். முந்நூறு வருஷத்துப் பழைய புத்தகங்களில் நீ வாசிக்கிற ரெக்கார்டர் என்கிற மேல்நாட்டுக் குழலுக்கு நாக்கு எப்படி அசைய வேண்டும் என்றே பாடம் உண்டாம், ஒரு சுரத்துக்கு து, அடுத்ததுக்கு ரு, ஒன்று அழுத்தி ஒன்று தளர்ந்து, மனுஷர் பேசுகிற மாதிரி. நீயோ எல்லாவற்றுக்கும் து து து என்று ஆணி அடிக்கிறாய், அதுவும் தாடையைப் பூட்டி, தோளைக் காதுவரை தூக்கி, முட்டியை விறைத்துக்கொண்டு, இதெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டாராம். தெரியவில்லை என்றாயாம்.

எனக்குத் தெரியும். அப்பாவுக்கு அப்போது அச்சகத்தில் ராத்திரி வேலை, பகலெல்லாம் தூக்கம், நமக்கு இருந்தது இரண்டே அறை. ஒன்பது வயசில் நீ குழலை எடுத்தால், சத்தம் போடாதே, வாயில் கடித்துக்கொண்டு வாசி, மூச்சைப் பிடித்துக்கொள், ஆடாமல் நில் என்று பீரோவோடு ஒட்டி நிறுத்தினது நான். குழலோடு வந்த துண்டுச் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்து, து என்றுதான் போட்டிருக்கிறது, து என்றே ஊது என்று அதட்டினதும் நான்தான். இந்த இரண்டு மாதமாகப் பிரார்த்தனையில் உட்கார்ந்தால் இது ஒன்றுதான் முன்னால் வந்து நின்றது. வலி போகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று கடவுளிடம் தவணை கேட்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அப்பாவிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, நான் எங்கடி தூங்கினேன், பிள்ளை ஊதுறதைக் கேட்டுக்கிட்டுத்தானே படுத்திருந்தேன், நீ பாதியிலே நிறுத்தச் சொன்னாத்தான் வர்ற தூக்கமும் போயிடும் என்கிறார். இத்தனை வருஷம் வாயைத் திறக்காத மனுஷன். கோபப்படுவதா சிரிப்பதா தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

பாத்திரம் தேய்க்கும்போது நானும் துரு துரு என்று சொல்லிப் பார்க்கிறேன். அண்ணன் எட்டிப் பார்த்து, என்னம்மா, வண்டி ஸ்டார்ட் ஆகலையா என்கிறான். ஆனால் ஒன்று கண்டேன், பிரார்த்தனை சொல்லும்போது என் தாடையும் இறுகித்தான் இருக்கிறது, பக்கத்தில் யாரோ எழுந்துவிடுவார்கள் என்கிற மாதிரி. இப்போது தாடையைத் தளரவிட்டுச் சொல்கிறேன்.

டீச்சர் சொன்னபடி இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் குழலைக் கீழே வை, தாராளமாகக் கொட்டாவி விடு, இரண்டு பாதமும் தரையில் இருக்கிறதா பார். கொஞ்சம் வலித்தாலும் என்னிடம் மறைக்காதே. டீச்சர் மறுபடி கேட்டால் அம்மா பழக்கினது என்று தைரியமாகச் சொல், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

உன் மூச்சும் நாக்கும் விரலும் என்றும் உன் சொல் கேட்கட்டும் என்று கடவுளை வேண்டிக்கொள்கிறேன். லீவுக்கு வரும்போது குழலை எடுத்துவர மறக்காதே. அப்பா பகல் வேலைக்கு மாறி நாலு வருஷமாகிறது, ஆனாலும் நீ வாசிக்கிற அன்று லீவு போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேதான் கேட்பாராம்.

நிறைந்த ஆசிகளுடன்,
உன் அம்மா