லேத்து முன்னால் நின்ற கதாநாயகி

இன்று காலை தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ரிப்பேர் பார்க்க வந்தவர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டு வாசற்படியில் வந்து நின்றார். அவர் சட்டையிலிருந்து கிரீஸும் இரும்புத்தூளும் கலந்த, உங்கள் சட்டையில் வரும் அதே வாசம் வந்தது. பலகையில் குனிந்து வரைந்துகொண்டிருந்த நான் தலையைத் தூக்காமலே, "ஏனுங்க, அப்படியே கொஞ்ச நேரம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டேன். எதற்கென்று தெரியாமல் அந்த மனுஷரும் நின்றார், பாவம்.

அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிய பிறகு எனக்குக் கோடு ஓடவில்லை. சரி, உங்களுக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். உங்களோடு சண்டை போட இப்போது எனக்கு வேறு வழியும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவை பீளமேட்டில் நாம் புருஷன் பெண்டாட்டியாகக் குடியிருந்த அந்த ஒற்றை அறை வீட்டை நினைத்துக்கொண்டேன். நீங்கள் பம்ப் பட்டறையில் இரும்பு கடையும் லேத்து ஓட்டினீர்கள். நான் திருப்பூர் பனியன் பெட்டிகளுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சென்னை வார இதழில் சிறுகதைகளுக்குப் படம் வரையும் வாய்ப்பு வந்தபோது கை கால் ஓடவில்லை எனக்கு. நான் எந்தக் கல்லூரியிலும் ஓவியம் படித்தவள் இல்லை. மனிதர்களைப் பார்த்து வரைய வேண்டும், ஆனால் ரோட்டில் உட்கார்ந்து வரையக் கூச்சம். வீட்டில் இருந்த ஒரே மனிதர் நீங்கள்.

ஷிப்ட் முடிந்து வருவீர்கள். கையைக்கூடக் கழுவாமல் கேட்பீர்கள், "இன்னைக்கு நான் ஆரு அம்மணி?"

இன்ஸ்பெக்டர் என்றால் நெஞ்சை நிமிர்த்துவீர்கள். மாமியார் என்றால் என் பழைய புடவையை மேலே போட்டுக்கொள்வீர்கள். ஒருநாள் ஈரிழைத் துண்டைத் தாவணியாகப் போட்டுக்கொண்டு வெட்கப்பட்டு நின்றபோது, பக்கத்து வீட்டு அக்கா சர்க்கரை கேட்க வந்துவிட்டு, ஒன்றும் கேட்காமலே திரும்பிப் போனார். படத்தில் வேறொரு முகத்தையும் கூந்தலையும் சேர்த்தால் நீங்கள் கதாநாயகி. எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்புறம் தொடர்கதை வந்தது. வாராவாரம் என் படம். தலைகால் புரியவில்லை. சில வாரம் போனதும் மூலை வீட்டுத் தொலைபேசிக்கு அந்த இதழின் ஆசிரியர் கூப்பிட்டார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார். "உங்க படத்துல எல்லாரும் ஒரே மாதிரி நிக்கறாங்களேம்மா. இன்னும் மூணு வாரத்துல கல்யாண மண்டபக் காட்சி வருது, பெரிய கூட்டம் வேணும். அதுவும் இப்படியே வந்தா வேற ஓவியர்கிட்ட கொடுக்க வேண்டியிருக்கும். தப்பா நெனச்சுக்காதீங்க."

வீட்டுக்கு வந்து தாளைக் குறை சொன்னேன், பேனா முள்ளைக் குறை சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். நீங்கள் பழைய இதழ்களை எல்லாம் தரையில் விரித்துப் பார்த்தீர்கள். கொஞ்ச நேரத்தில் உங்கள் முகம் மாறியது.

"அட, இது நான் நிக்கற நிப்பல்லோ!"

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. பாரம் முழுவதும் வலது காலில், இடது முழங்கால் லேசாக மடங்கி, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, பார்வை கீழே. வருடக்கணக்காக லேத்து முன்னால் நின்றவரின் நிற்பு அது. இன்ஸ்பெக்டர் அப்படித்தான் நின்றார். மாமியாரும் அப்படித்தான். பூங்காவில் காதலனுக்காகக் காத்திருந்த கதாநாயகியும் அப்படியேதான் நின்றாள்.

"இவ காதலனுக்குக் காத்திருக்கல அம்மணி. லேத்துல மாட்டின ஜாப் முடியட்டும்னு காத்திருக்கா" என்று சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். தமிழ்நாடு முழுக்க உங்கள் நிற்பு அச்சாகிப் போனதில் உங்களுக்குப் பெருமை வேறு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எனக்கு வரையவே தெரியாது, ஒரே ஒரு ஆளைக் காப்பியடிக்கத்தான் தெரியும் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது என நினைத்தேன். பனியன் பெட்டிக்கே திரும்பிப் போகிறேன் என்று அழுதேன்.

நீங்கள் சமாதானம் சொல்லவில்லை. மறுநாள் நான் தாளை எடுத்து வைத்து நிற்கச் சொன்னபோது, "இனி நான் நிக்க மாட்டேன்" என்றீர்கள்.

"கோவமுங்களா?"

"கோவமெல்லாம் இல்ல. என்னைய ஒருத்தன வெச்சுட்டு எத்தன நாளைக்கு ஊரை வரைவே? பனியன் பொட்டிக்குப் போறதுன்னா போ. ஆனா பயந்துட்டுப் போகாத."

எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அந்த வாரம் முழுக்கப் பாத்திரங்களைத் தடாலென்று வைத்துத்தான் உங்களுக்குச் சோறு போட்டேன். நீங்கள் பாட்டுக்கு ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டீர்கள்.

அந்தச் சமயம் பார்த்துத் தாராபுரத்தில் உங்கள் அத்தை மகளுக்குக் கல்யாணம். என் வரைபலகையை நீங்களே துணிப்பையில் எடுத்து வைத்தீர்கள். மண்டப வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்து, "இங்கிருந்து எல்லாரும் தெரிவாங்க" என்றீர்கள். புடவைத் தலைப்பால் தாளை மூடிக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். எப்போது கிளம்புவோம் என்று இருந்தது.

முதலில் ஒரு பெரியவர் வந்தார். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, கவரை நீட்டி, "எழுதிக்க கண்ணு, ஊரு காங்கேயம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து நின்ற பிறகுதான் விளங்கியது. மடியில் தாளும் கையில் பேனாவுமாக வாசலில் உட்கார்ந்திருந்தால் நம் ஊரில் வேறென்ன நினைப்பார்கள்? என்னை மொய் எழுதுகிறவள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நீங்கள் ஓடி வந்து மொய் மேசை இருந்த பக்கம் கையைக் காட்டினீர்கள். "மொய் அக்கட்டாலீங்க மாமா. இது என்ற ஊட்டுக்காரிங்க. பத்திரிகைக்குப் படம் போடறவீங்க." ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர் அத்தனை பேர் நடுவிலும் குரலை உயர்த்திச் சொன்னீர்கள். நானே என்னைப் பற்றி யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. அன்றைக்கு என் காது சூடானது, ஆனால் தலை நிமிர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகும் ஆட்கள் என் முன்னால் வந்து நின்றுகொண்டேதான் இருந்தார்கள். நீங்கள் ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பியபடி இருந்தீர்கள். கவரில் பெயர் எழுதியிருக்கிறதா என்று ஒருவர் புரட்டிப் பார்த்து நிற்பார். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் போதும். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, பிள்ளைப் பக்கமே உடம்பு முழுக்கச் சாய்ந்து நின்றாள். புதுச் செருப்பு கடித்த ஒருவர் குதிகாலைத் தூக்கி நின்றார். தன் நகையை நாலு பேர் பார்க்கட்டும் என்று ஒரு அம்மா கழுத்தை நீட்டி நின்றார். யாரும் யாரைப் போலவும் இல்லை. கை வலிக்க வலிக்க வரைந்தேன். பந்திக்குக் கூப்பிட்டபோதுகூட எழுந்து போகவில்லை. சீர் நடக்கும் இடத்திலிருந்து உங்கள் அத்தை வந்து, "மருமக சாப்பாட்டுக்கே வரமாட்டேங்கறா, அப்படி என்னத்த எழுதறா?" என்று கேட்டார். "நம்ம சனம் எல்லாத்தையும்தான்" என்றீர்கள்.

அந்த அத்தியாயம் அச்சாகி வந்ததும் ஆசிரியர் மறுபடி கூப்பிட்டார். "இந்தக் கூட்டத்துல எங்க சித்தப்பாவே நிக்கறாரும்மா" என்றார். கடைசி அத்தியாயம் வரை நானே வரைந்தேன். அந்த இதழைக் கடையில் வாங்கி வந்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வொரு ஆளாகத் தேடினீர்களே. "நான் ஒரு எடத்துலயும் இல்ல அம்மணி!" என்று நீங்கள் சொன்னபோது பரிசு விழுந்தவர் குரல் மாதிரி இருந்தது. மறுநாள் அதைப் பட்டறைக்கு எடுத்துப் போய், "பாத்துக்கங்கப்பா, இதுல நான் இல்லவே இல்ல" என்று எல்லாரிடமும் காட்டினீர்களாம். தான் இல்லாத படத்துக்கு இத்தனை பெருமைப்பட்ட மனுஷனை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

எத்தனையோ கதைகளுக்கு வரைந்துவிட்டேன். இன்றைக்கும் வெள்ளைத்தாளைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும் என்று பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன். என்ன எழுதுகிறாய் என்று யாராவது கேட்டால், படம் போடறவ நான் என்று சத்தமாகச் சொல்கிறேன். அந்தக் குரல் உங்களுடையது.

நீங்கள் போய்ச் சேர்ந்ததும், உங்கள் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு மாட்டலாம் என்றார்கள் சொந்தக்காரர்கள். வேண்டாம் என்றேன். இத்தனை வருடத்தில் உங்கள் உடம்பைத்தான் வரைந்திருக்கிறேன், உங்கள் முகத்தை ஒருமுறைகூட வரைந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பலகையை எடுத்து வைத்தேன். பார்த்து வரைய எதிரில் யாரும் இல்லை. எந்தப் படம் முடிந்தாலும் உங்கள் முன் நீட்டி, "நல்லா வந்திருக்குதுங்களா?" என்று கேட்டுத்தான் அனுப்புவேன். அன்றைக்கு உங்கள் முகத்தை மனதிலிருந்தே வரைந்து முடித்துத் தூக்கிப் பிடித்தேன். என்னை அறியாமல் வாய் பேசியது, ஆனால் கேள்வியாக வரவில்லை.

"நல்லா வந்திருக்குதுங்க."