துருசு திறந்தால் யார் சொல்ல வேண்டும்?

என் அருமை வதனிக்கு,

உன் துருசுக் கதை, அந்தக் குளத்து மதகுக் கதை, புத்தகமாக வந்துவிட்டது. மென்பொருள் வடிவமைப்பு முறைகளை விளக்க நீ கட்டிய கதைகளில் முதலாவது. அட்டையில் உன் பெயர் இல்லை.

கிளிநொச்சியில் நீ படிப்பித்த கணினிப் பயிற்சி நிலையத்தில்தான் போன வெள்ளிக்கிழமை வெளியீடு. செய்தியாளன் என்பதால் எனக்கும் அழைப்பு. எழுதியவர் உன் பழைய நிர்வாகி. வகுப்பு வாசலில் நின்று, "ரீச்சர், இது கம்பியூட்டர் வகுப்போ, கதாப்பிரசங்கமோ?" என்று உன்னைக் கேட்ட அதே மனிதர்.

மேடையில் அவரே கதை சொன்னார். வாய்க்காலுக்குத் தண்ணீர் விடத் துருசு திறந்தாயிற்றா என்று பார்க்க, வயல் செய்யும் கமக்காரர் ஒவ்வொருவரும் தினமும் சைக்கிளில் குளத்துக்குப் போவார்களாம். நிரலின் பகுதிகளும் அப்படித்தான் ஒன்றையொன்று கவனிக்க வேண்டுமாம்.

பக்கத்துக் கதிரையில் உன் மாணவி சுகந்தி. விசுவமடுவில் தகப்பனோடு வயல் செய்துகொண்டே உன்னிடம் படித்தவள்.

"அண்ணை, தலைகீழாச் சொல்லுறார். போய்ப் போய்ப் பாக்கிறது வீண் வேலை எண்டுதானே ரீச்சர் தொடங்குவா? துருசு திறக்கிறவரிட்டப் பேரைக் குடுத்திட்டு உங்கட வேலையைப் பாருங்கோ, திறந்த உடனே அவரே சொல்லி அனுப்புவார் எண்டுதானே முடிப்பா? இந்தாள் முழு ஊரையும் குளக்கட்டில நிப்பாட்டிப் போட்டார்!"

களவெடுத்தவருக்குக் கதை விளங்கவும் இல்லை.

எழுந்து கேட்டேன். இது வதனி ரீச்சரின் கதையல்லவா?

"எங்கையாவது அவாவின்ர பேரில அச்சில வந்திருக்கோ, ஐயா?" என்றார்.

நான் கதிரையில் அமர்ந்துவிட்டேன். அச்சில் வராததற்குக் காரணமே நான்தானே. "என்னைப் பற்றி வேண்டாம் அண்ணா, கதையைப் பற்றி நாலு வரி எழுதுங்கோவன்" என்று நீ கேட்டாய். சொந்தத் தங்கையைப் பற்றி எழுதினால் சனம் என்ன சொல்லும் என்றேன். தென்னங்கன்று விநியோகத்துக்கெல்லாம் செய்தி எழுதிய கை இது. அந்த நேர்மையால் யாருக்கு என்ன நன்மை, வதனி? நீ கேட்டபோது உனக்கு நோய் முற்றியிருந்தது. சாவு நெருங்குவதை அறிந்துதான் கேட்டாயா?

நீ விட்டுப்போன பாடக் கொப்பிகள் என் மேசையில் இருக்கின்றன. சுகந்தியும் தன் குறிப்புகளைத் தந்திருக்கிறாள். கதையை நீ சொன்னபடியே, உன் பெயரோடு எழுதுகிறேன். நான் உன் அண்ணன் என்பது முதல் வரியிலேயே இருக்கும். சொல்லுகிறவர்கள் சொல்லட்டும்.

அச்சாகும் நாளில் நானே சொல்லி அனுப்புவேன். நீ போய்ப் போய்ப் பார்க்க வேண்டாம்.

பிந்திப்போன உன் அண்ணன்