வலது கைச் சோறு

மார்ச் 4, ரூவி, மஸ்கட்

கண்ணாடி பொருத்தும் அம்மையப்பன், அரியலூர்க்காரர். வலது ஆட்காட்டி விரலை மடக்கும் தசைநாண்கள் இரண்டும் கண்ணாடி வெட்டி அறுந்திருந்தன. மூன்று மணி நேரம் தைத்தேன். என் சீனியர் டாக்டர் ஆரிப் பார்த்துவிட்டு, "அருமை. ஜூனில் உன் பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 6

அவரை அனுப்பினேன். விரல் அசையாமலிருக்கப் போட்ட கட்டை ஆறு வாரம் கழற்றக் கூடாது, குளிக்கும்போதும் தூங்கும்போதும் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது. எல்லாம் தமிழில்தான் சொன்னேன். நம்ம ஊர் ஆள் என்ற பெருமை வேறு.

மார்ச் 21

போச்சு. விரல் மடங்கவே இல்லை. உள்ளே தையல் விட்டுவிட்டது.

"வெயிட் ஏதும் தூக்கினீங்களாண்ணே?"

"சத்தியமா இல்லைங்க டாக்டரம்மா. குளிக்கறப்பகூட கவர் மாட்டிக்குவேன். சோறு திங்க மட்டும் கழட்டுனேன். கேம்ப்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்புடுறோம், இடது கையால எப்படிங்க?"

சோற்றைப் பிசைந்து உருட்ட அந்த விரல் எவ்வளவு இழுக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவரை அனுப்பிய அன்றைக்கு மதியம் நானே கையால்தானே மீன்குழம்பைப் பிசைந்தேன்? எப்படித் தோணாமப் போச்சு? கர்த்தாவே.

மார்ச் 22

மறுபடி தைத்தேன். "நோயாளி பேச்சைக் கேட்கவில்லை என்று எழுது டெல்சி, உன் பெயர் கெடாது" என்கிறார் ஆரிப். அப்படி எழுதினால் கம்பெனி அவர் விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடும். எழுதாவிட்டால் — ஜூன்?

மார்ச் 23

பயமாக இருக்கிறது.

மார்ச் 24

எழுதிவிட்டேன். "சாப்பிடும்போது கட்டோடு என்ன செய்வது என்று நோயாளிக்கு நான் சொல்லவில்லை." ஆரிப் படித்தார், ஃபைலை மூடிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

ஏப்ரல் 9

அம்மையப்பன் வலது கையால் சாப்பிடும்வரை நானும் சாப்பிடுவதில்லை என்று, ஒரு வாரமாக இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறேன். "என்ன டாக்டர், வேண்டுதலா?" என்று நர்ஸ் விஜி சிரிக்கிறாள். கோட்டெல்லாம் குழம்பு. அம்மையப்பனிடம் சொன்னேன், அவரும் சிரித்தார். அவருக்கு ரூம் ஆட்கள் முறை வைத்து ஊட்டிவிடுகிறார்களாம்.

ஜூன் 2

கையெழுத்து இல்லை. இன்னும் ஆறு மாதம் பயிற்சியாம். பாத்ரூமில் போய் அழுதேன்.

ஜூன் 18

பன்னிரண்டு வாரம் முடிந்தது. ஞாயிறு முதல் அம்மையப்பனுக்குக் கம்பெனி ஸ்டோரில் டூட்டி. கேன்டீனில் சோறு வாங்கி அவர் முன்னால் வைத்தேன். "வலது கையிலயே சாப்புடலாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். விரல் முழுதாக மடங்கவில்லை, கொஞ்சம் சிந்தியது. மேஜையில் கிடந்த ஒரு பருக்கையை அந்த விரலாலேயே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நீங்களும் சாப்புடுங்க டாக்டரம்மா."

ஸ்பூனை வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.