உங்கப்பாவுக்கு நான் சொன்ன ஏழாம் பாகம்

கோவில்பதாகை,
செவ்வாய்க்கிழமை.

ஜக்கு கண்ணு,

நீயும் மருமகள் நிஷாவும் அந்த ஊர்க் குளிரில் உடம்பு கெடாமல் இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நான் இருக்கிறேன், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கப்பா போய் இன்றோடு நாற்பத்தோரு நாள். போனில் சொன்னால் மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் என் அஞ்சாங்கிளாஸ் கையெழுத்தில் எழுதுகிறேன், கோணலாக இருந்தாலும் முழுசாகப் படி.

பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட நிற்காமல் நீ பிளேன் ஏறிவிட்டாய். படையலில் அவருக்குப் பிடித்ததெல்லாம் வைக்க வேண்டும் அல்லவா, வடை, பீர்க்கங்காய்க் கூட்டு எல்லாம் வைத்துவிட்டு உன்னுடைய ஆறு பாகக் கதைப் புத்தகத்தையும் இலைக்குப் பக்கத்தில் அடுக்கினேன். உன் சரசா அத்தை வந்த ஜனம் அத்தனை பேர் எதிரிலும், இன்னா அண்ணி, எங்கண்ணன் இன்னா எல்கேஜி புள்ளையா, பொம்ம புக்கு வெச்சிகீற என்று கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும். நீ எட்டாவது படிக்கும்போது அழுது வாங்கிய புத்தகம்தான், ஒரு மந்திரவாதி ஊரையே திருடி ஏழு கடலுக்கு அப்பால் ஒளித்துவைக்க, இறக்கை முளைத்த ஆட்டின் மேல் ஏறி ஒரு பையன் அதைத் தேடிப் போவானே. ரிட்டயர்டு ஆன பிறகு உங்கப்பா அதைப் பரணிலிருந்து எடுத்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன், அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படிப்பார், மந்திரவாதிக்கு ஒரு குரல், ஆட்டுக்கு ஒரு குரல். வெள்ளானூர்ல நம்ம நெலத்தையும் இப்புடித்தான் பிளாட்டு போட்டுத் தூக்கிக்கினு பூட்டானுங்க, நம்மகிட்ட ஆடுதான் இல்ல என்று சிரிப்பார். எதிர்வீட்டு சம்பத் கேட்டைத் தாண்டும்போதெல்லாம், இன்னா அண்ணாத்தே, ஆடு இன்னிக்கு எத்தினாவது கடல்ல கீது என்று வம்பிழுப்பார், இவரும் விடாமல், நீ போய் மாமியா சண்ட சீரியல பாரு மாமே என்பார். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு வருஷம்தான் என்றால் நீ நம்பமாட்டாய்.

ஏழாம் பாகம் தமிழில் வரவில்லை என்று இங்கிலீஷ் புத்தகத்தை அனுப்பிவைத்தாய். யாருக்குப் படிக்கத் தெரியும்? நீ படித்தவன்தானே, அவர் உன்னிடம் கேட்டது முடிவு என்ன ஆச்சு என்பது ஒன்றைத்தான். வேலையா கீறேம்ப்பா, ஞாயித்துக்கெழம சொல்றேன் என்றாய். நாலு ஞாயிறு போனது. ஒவ்வொரு ஞாயிறும் காலையிலேயே குளித்து, முகம் மழித்து, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் சொல்கிறேன். பெற்ற அப்பனுக்குப் பத்து நிமிஷம் உன்னிடம் இல்லை.

அஞ்சாவது ஞாயிறு ஆஸ்பத்திரியில் இருந்தார். மாடியில் குடிவந்திருக்கும் ஐ.டி. பெண் கிருஷ்ணப்பிரியாவிடம் புத்தகத்தைக் கொடுத்தேன், பாவம், இரண்டே நாளில் படித்துவிட்டு வந்தாள். பையன் ஊரைக் கண்டுபிடித்துவிடுவானாம், ஆனால் அங்கே யாருக்கும் அவனை அடையாளம் தெரியாதாம், பெற்ற தாய்க்கே தெரியாதாம், திரும்பக் கடலுக்கே போய்விடுவானாம். இதை நான் எந்த வாயால் அவரிடம் சொல்வேன்? கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நானே ஒரு முடிவு கட்டினேன். கதை சொல்லிப் பழக்கமில்லாதவள், உனக்குக்கூடச் சொன்னதில்லை. மந்திரவாதி தோற்றுப்போனான், ஊர் தண்ணீருக்கு மேலே வந்தது, தாய்க்காரி தெருமுனையிலேயே மகனைக் கண்டுகொண்டு கட்டிப் பிடித்தாள், உட்காரவைத்துச் சுடுசோறும் நெத்திலிக் குழம்பும் போட்டாள் என்றேன். நீ வந்தால் நான் செய்வது அதுதானே, வாயில் வந்துவிட்டது. அவர் கண்ணைத் திறந்து, இன்னாடி வரலட்சுமி, ரெண்டாவது புக்குல ஒரு மீனு அவன் உசிர காப்பாத்துச்சே, இனிமே மீனே துன்னமாட்டேன்னு சத்தியம் பண்ணிகீறானே என்றார். ஆத்தா கையால போட்டதாச்சே, அன்னிக்கு ஒரு நாளு துன்னுட்டான் என்று சமாளித்தேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம், சர்தான், நல்லா துன்னட்டும், ஊட்டுக்கு வந்துட்டான் இல்ல என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் காலையில் உயிர் போய்விட்டது.

மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டேன், கோபத்தில் எழுதினாலும் சாபம் இல்லை. நீயும் நிஷாவும் நோய்நொடி இல்லாமல், குழந்தை குட்டியோடு நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. வருஷ திதிக்காவது இப்போதே லீவு சொல்லிவை, ஞாயித்துக்கிழமை சொல்கிறேன் என்று எனக்கும் சொல்லாதே.

உன்னைப் பெற்றவள்,
வரலட்சுமி.

கையெழுத்துப் போட்ட பிறகும் மனசு ஆறவில்லை, ஜக்கு. நான் சொன்னதை அவர் நம்பித்தான் போனாரா, இல்லை எனக்காக நம்பின மாதிரி கண்ணை மூடிக்கொண்டாரா?